பூவாத நாளில் குறிஞ்சி



2024ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், மாலைச் செபம் முடிந்து கோயில் கதவைப் பூட்டும் வேளையில், நம் பங்கின் இளைஞர் மூவர் மூச்சிரைக்க ஓடிவந்தனர். அன்று காலைதான் கொடைக்கானலிலிருந்து திரும்பியவர்கள். அவர்களுள் இளையவன் தன் கைபேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“சாமி, குறிஞ்சி பூத்துவிட்டது! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்குமாமே, நாங்கள் பார்த்துவிட்டோம்!”

படத்தில் ஒரு பழைய வேலி. அதன்மேல் அடர்ந்து படர்ந்த கொடி. கொடி நிறைய நீலப் பூக்கள், நூற்றுக்கணக்கில். அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் அது குறிஞ்சியன்று. கொடைக்கானல் வீதிகளில் வேலிதோறும் ஏறிக்கிடக்கும் வெளிநாட்டு நீலக்கொடி. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து என்றோ இங்கு வந்து குடியேறியது.

பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் பொய்க்குத் தலையசைக்கவும் இயலவில்லை. “தம்பி, பூவை எடுத்திருக்கிறாய், இலையை எடுத்திருக்கிறாயா?” என்று கேட்டோம்.

“இலை எதற்குச் சாமி? பூதானே அழகு!” என்றான் அவன்.

அந்த விடை நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்துக்கு நாம் கொடுத்த விலையை, இல்லை, ஒரு மலைச்சரிவு கொடுத்த விலையை, இங்கே எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

குறிஞ்சியை நாம் முதன்முதலாகக் கண்டது 1994ஆம் ஆண்டில். அப்போது நாம் குருமட மாணவர். இருபத்துமூன்று வயது. விடுமுறைக்கு மலைக்கு அழைத்துச் சென்றார்கள். செண்பகனூரில் இயேசு சபைக் குருக்கள் 1895ஆம் ஆண்டு தொடங்கிய திரு இருதயக் கல்லூரியைக் கண்டோம். அவர்கள் தலைமுறை தலைமுறையாய்த் திரட்டி வைத்த செடிகொடிகளையும் பறவைகளையும் அருங்காட்சியகத்தில் கண்டோம். பின்னர் ஒரு மலை முகட்டில் வண்டியை நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் எவரும் பேசவில்லை. எதிர்ச்சரிவு முழுவதும் நீலம். அடுத்த சரிவும் நீலம். மேகம் விலக விலக, நீலத்துக்கு அப்பால் நீலமாய் மலை விரிந்துகொண்டே போயிற்று. நீலகிரி என்ற பெயரே இப்பூவினால் வந்தது என்று சொல்வார்கள். அன்று அதை நம்புவதற்கு நமக்குச் சான்று எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் முறை கண்டது 2006ஆம் ஆண்டில். அப்போது சமவெளியில் ஒரு பங்கின் பொறுப்பில் இருந்தோம். பங்கு மக்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். அவ்வாண்டு அரசு குறிஞ்சிக்கென ஓர் அஞ்சல்தலையே வெளியிட்டது. கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியை உள்ளடக்கிக் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்ததும் அவ்வாண்டில்தான். நாமோ பெருமையோடு பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னோம்: “1970, 1982, 1994, 2006. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பூத்து, விதைத்து, செடி முழுவதும் மடிந்துவிடும். அடுத்த மழையில் விதை முளைக்கும். மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும்.” சொன்னவை யாவும் சரியே. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அது எந்த உருவில் காத்திருக்கும் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்கு விடை தெரிந்திராது.

2010ஆம் ஆண்டில் நம்மை மலைப் பங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள். அப்பங்கைச் சேர்ந்த ஒரு கிளைக்கிராமத்தில் சிறு ஆலயம். பின்புறம் புல்லும் புதருமாய் ஒரு சரிவு. உச்சியில் ஒரு பாறை. அந்தச் சரிவைக் கண்டதுமே நம் உள்ளத்தில் ஓர் ஆசை முளைத்தது. தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடத்த இதைவிட நல்ல இடம் ஏது? பாதை வெட்டி, பதினான்கு மரச்சிலுவை நட்டு, உச்சிப் பாறையருகே முடிக்கலாம். ஊர்ப்பெரியவர்களும் மகிழ்ந்தனர். 2011ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு முன் வேலை தொடங்கியது.

பாதைக்கு வேண்டிய அளவு மட்டும் வெட்டியிருந்தால் போதும். நமக்கோ எதையும் அரைகுறையாய்ச் செய்வது பிடிப்பதில்லை. “புதர் முழுவதையும் எடுத்துவிடுங்கள், பாம்பு பூச்சி இராது, மக்கள் அமர இடமும் கிடைக்கும்” என்று ஆணையிட்டோம். எட்டுப் பேர் மூன்று நாள் அரிவாளும் மண்வெட்டியுமாய் உழைத்தனர். முழங்கால் உயரத்தில் நெருங்கி வளர்ந்திருந்த, பூவில்லாத, காயில்லாத, பார்வைக்கு எந்தச் சிறப்புமில்லாத செடிகள். வெட்டியவற்றைக் குவித்துக் காயவிட்டு எரித்தோம்.

மூன்றாம் நாள் மாலை, உச்சிப் பாறைக்குக் கீழே ஒரு துண்டு நிலம் மட்டும் எஞ்சியிருந்தது. அப்போது விறகுக்கட்டோடு மேலே வந்த மூதாட்டி ஒருவர் கட்டைக் கீழே போட்டுவிட்டு, வெட்டுபவர்களுக்கும் செடிகளுக்கும் நடுவே வந்து நின்றார். கிராமத்தில் எல்லோருக்கும் பாட்டி. நமக்கும் பாட்டிதான்.

“சாமி, யார் சொல்லி இதை வெட்டுகிறார்கள்?”

“நாம்தான் சொன்னோம் பாட்டி. வெறும் புதர்தானே?”

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். சினம் இல்லை, வியப்பு இருந்தது. “புதரா! சாமி குறிஞ்சிப்பூ பார்த்ததில்லையா?”

“இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்” என்றோம், சற்றே பெருமையுடன்.

“பூவைப் பார்த்திருக்கிறீர்கள். செடியைப் பார்த்ததில்லை” என்றார் அவர்.

வாசகர்களே, அந்த ஒரு சொல்லில் நம் தலை கவிழ்ந்தது. 2006ஆம் ஆண்டில் பூத்து மடிந்த செடிகளின் விதை முளைத்து, நான்கு ஆண்டு வளர்ந்த பிள்ளைக் குறிஞ்சிகளைத்தான் நாம் மூன்று நாளாய் வெட்டி எரித்திருக்கிறோம். எந்தப் பூவைக் காண வேன் பிடித்து மலையேறினோமோ, அதே செடியை நம் கொல்லைப்புறத்தில் கண்டு, புதர் என்று சொல்லி அழித்தோம். அவை பூக்காதிருந்ததே அவை செய்த ஒரே குற்றம்!

வேலையை அங்கேயே நிறுத்தினோம். பாட்டி எஞ்சிய செடிகளின் அருகே அமர்ந்து, நம்மையும் அமரச் சொன்னார். அன்று அவர் நடத்திய பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நாம் கற்றதில்லை.

முதலில் தண்டைக் காட்டினார். இளந்தண்டு உருண்டையாய் இராது. விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு விளிம்பு தட்டுப்படும். இலை புறப்படும் கணுக்கள் சற்றே தடித்திருக்கும். முதிர முதிரத் தண்டு கருமை கொள்ளும்.

அடுத்து இலை. ஒன்றுக்கு எதிரே ஒன்றாய், இரண்டிரண்டாக நிற்கும். ஒரு சோடி கிழக்கு மேற்காய் நின்றால், அதற்கு மேற்சோடி தெற்கு வடக்காய் நிற்கும். நீள்வட்ட வடிவம், நுனி கூர்மை, விளிம்பில் சிறு சிறு பற்கள். மெல்லிய இலையன்று, தொட்டால் தடிப்பும் உறுதியும் தெரியும். “கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள் சாமி” என்றார். தடவினோம். நடுநரம்பிலிருந்து இருபுறமும் பக்க நரம்புகள் நெருக்கமாய், வரிவரியாய் ஓடின. இலையின் மேற்புறத்தில் அவை உழுத சால்போல் பதிந்திருந்தன. புரட்டிப் பார்த்தால் அடிப்புறத்தில் அதே நரம்புகள் புடைத்து நின்றன. நிறமும் வெளிறி, நுண்ணிய மயிர் படர்ந்திருந்தது. “இந்த வரியும் இந்த வெளுப்பும் இருந்தால், பூ இல்லாவிட்டாலும் குறிஞ்சிதான்” என்றார்.

பின்னாளில் நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னவை யாவும் சரியாகவே இருந்தன. பூவைப் பற்றி நாம் நூல்களிலிருந்து கற்றதையும் இங்கே சேர்த்துவிடுகிறோம். குறிஞ்சிப்பூ தனித்துத் தொங்குவதன்று; கிளை நுனிகளிலும் இலைக்கக்கங்களிலும் நெருக்கமான கதிர்களாய் எழும். மொட்டுகளை மூடும் சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்பதால், கதிர் ஒரு சிறு கூம்புபோல் காணும். இக்குடும்பத்துச் செடிகளுக்குத் தாவரவியலார் இட்ட ‘ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்னும் கிரேக்கப் பெயருக்குக் கூம்புப்பூ என்பதே பொருள். நம் குறிஞ்சியின் முழுப்பெயர் ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’. பூ மணி வடிவினது. வாய் ஐந்து வட்ட மடல்களாய்ப் பிரிந்திருக்கும். விரிந்த புதிதில் இளநீலமாய் இருந்து, நாள் ஆக ஆக ஊதா ஏறும்.

இந்த அடையாளங்களைக் கையில் வைத்துக்கொண்டால், நம் இளைஞர்கள் கண்ட வேலிக்கொடியைப் பிரித்தறிவது எளிது. அது சுற்றிப் படரும் கொடி. குறிஞ்சி தன் காலில் நிற்கும் புதர்ச்செடி. அதன் இலை இதயம்போன்றது, ஒவ்வொன்றாய் மாறி மாறி நிற்கும். குறிஞ்சியிலை எதிரெதிரே நிற்கும். அதன் பூ மடல் பிரியாத புனல். குறிஞ்சிப்பூ ஐந்து மடல் மணி. கோடையில் ஊதாப் பூச்சொரியும் ஜக்கரண்டா மரத்தையும் சிலர் குறிஞ்சி என்று காட்டுவதுண்டு. அது தென்னமெரிக்க மரம். ஓங்கி உயர்ந்து நிற்கும். குறிஞ்சியோ புல்வெளியில் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு அளவோடு நின்றுவிடும்.

உண்மையில் கடினமானது, குறிஞ்சியை அதன் உறவினரிடமிருந்து பிரித்தறிவதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இக்குடும்பத்துச் செடிகள் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. சில ஆண்டுதோறும் பூக்கும். சில பல ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். மராட்டிய மலைகளின் கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. சில வகைகள் சோலைக்காட்டின் நிழலில் வளரும். நீலக்குறிஞ்சி வெயிலும் காற்றும் படும் உயர்ந்த புல்வெளியை நாடும், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1300 முதல் 2400 மீட்டர் வரையில். ஆகவே ‘நீலமாய்ப் பூத்திருக்கிறது’ என்பது மட்டும் போதாது. இலையின் வரி, கதிரின் அமைப்பு, செடி நிற்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்லவேண்டும்.

ஆண்டுக் கணக்கும் முழுச்சாட்சி ஆகாது. பழனி மலையிலும் மூணாற்றிலும் 2018ஆம் ஆண்டு பூத்த அதே நீலக்குறிஞ்சி, இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலையில் 2022ஆம் ஆண்டு பூத்தது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு கணக்கு. ஆண்டு பொருந்தவில்லையே என்று உண்மைக் குறிஞ்சியைப் புறந்தள்ளவும் கூடாது. ஆண்டு பொருந்துகிறதே என்று வேறொன்றைக் குறிஞ்சியாக்கவும் கூடாது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஒரு நிலத்துக்கே இப்பூவின் பெயரைச் சூட்டியவர்கள் அல்லவா! குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் குறிஞ்சியைச் சொல்லுமிடத்தில் நீல நிறத்தைப் பேசவில்லை. தண்டின் கருமையைப் பேசுகிறார். பூவிலிருந்து திரளும் தேனைப் பேசுகிறார். எட்டிநின்று பூவை மட்டும் பார்த்தவர் தண்டைப் பாடமாட்டார். அருகே சென்றவரே பாடுவார். பாட்டியின் விரல் முதலில் தொட்டதும் தண்டைத்தான்.

பாட்டியிடம் அன்று வயதைக் கேட்டோம். “ஒரு பூவுக்குப் பிறந்தேன். அடுத்த பூவுக்கு விறகு சுமந்தேன். அதற்கடுத்த பூவுக்கு இடுப்பில் பிள்ளை. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். போட்டோம். பிறந்தது 1946, விறகு சுமந்தது 1958, இடுப்பில் பிள்ளை 1970. நமக்குக் குறிஞ்சி இரண்டு சுற்றுலாக்களின் நினைவு. அவருக்கு அது ஆயுள் கணக்கு.

அவ்வாண்டுச் சிலுவைப்பாதை நடந்தது. மக்கள் பக்தியோடு வந்தனர். நாம் மட்டும் வெறுமையான சரிவை நிமிர்ந்து பார்க்க இயலாமல் நடந்தோம். சில ஆண்டுகளில் மாற்றலாகிச் சமவெளிக்கு இறங்கிவிட்டோம்.

2018ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்த செய்தி வந்ததும், வேறெங்கும் செல்லாமல் அந்தக் கிளைக்கிராமத்துக்கே சென்றோம். ஆகஸ்டு மாதப் பெருமழை சற்று ஓய்ந்திருந்தது. எதிர்மலை நீலம், பக்கத்து மலை நீலம். ஆலயத்தின் பின்புறச் சரிவில் நீலம் இல்லை. நாம் வெறுமையாக்கிய நிலத்தைச் சீகை மரக்கன்றுகளும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொண்டிருந்தன. மண் புரண்ட இடத்தில் முந்திக்கொண்டு நுழைபவை அவைதாமே! ஆனால் உச்சிப் பாறைக்குக் கீழே, பாட்டி குறுக்கே நின்று காத்த அந்தத் துண்டு நிலம் மட்டும், ஓர் அறையளவு இடத்தில், கதிர்கதிராய்ப் பூத்து நின்றது. தேனீக்கள் அதன்மேல் மொய்த்து இரைந்துகொண்டிருந்தன.

பாட்டி கோலூன்றி வந்திருந்தார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நம்மை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. “இது விதை போடும் சாமி. கீழே உருளும். மரக்கன்றைப் பிடுங்கிவிட்டால் மெதுவாய்த் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்” என்றார். அந்த ஆண்டு முதல் அவ்வூர் இளைஞர்கள், மழை விட்ட நாள்களில் சரிவில் முளைக்கும் சீகைக்கன்றுகளைப் பிடுங்கி வருகிறார்கள். பூவைப் பறிப்பதில்லை. வாழ்நாளில் ஒரே முறை விதைக்கும் செடியின் கதிரை ஒடிப்பது, அதன் வம்சத்தை ஒடிப்பதல்லவா?

இன்று குறிஞ்சிக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. பழனி மலையின் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் நீலக்குறிஞ்சி இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டு, உலக அளவில் அழிவை நோக்கும் உயிர்களின் சிவப்புப் பட்டியலிலும் அதன் பெயர் ஏறியது. புல்வெளிகள் தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகைக்கும் வீடுகளுக்கும் இரையானதே அதன் துன்பத்துக்குக் காரணம். பூத்த ஆண்டில் எவரும் அதை அழிப்பதில்லை. அப்போது ஊரே திரண்டு வந்து போற்றுகிறது. பூக்காத பதினோரு ஆண்டுகளில்தான், ‘வெறும் புல், வெறும் புதர்’ என்ற பெயரில் அது அழிகிறது. அந்தப் பதினோரு ஆண்டிலும் அதைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால்தான் அது பிழைக்கும்.

வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னார் என்று எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். கவனிப்பது என்பது பூக்கும் நாளில் மட்டும் பார்ப்பதன்று என்று நமக்குக் கற்பித்தவர் விறகு சுமந்த ஒரு பாட்டி. நம் வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? விழா நாளில் மாலை போட்டு நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாள்களில் திண்ணையோரம் அமர்ந்திருக்கும் அவர்களை எத்தனை பேர் முகம் பார்த்துப் பேசுகிறோம்?

அந்த மூன்று இளைஞர்களின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களையும், மறைக்கல்வி வகுப்புச் சிறுவர் பன்னிருவரையும் அழைத்துக்கொண்டு அந்தச் சரிவுக்குச் சென்றோம். பூ ஒன்றுகூட இல்லை. “என்ன சாமி பார்ப்பதற்கு இருக்கிறது?” என்று முணுமுணுத்தனர். ஒவ்வொருவரையும் கண்ணை மூடச்செய்து, ஒடிக்காமல் இலையைத் தடவச் சொன்னோம். கைபேசியில் வேலிக்கொடியைப் படமெடுத்து வந்தவன்தான் முதலில் கண்ணைத் திறந்தான்.

“சாமி, வரி தெரிகிறது” என்றான். பிறகு தன் காலைப் பார்த்தான். மெல்ல இரண்டடி பின்வாங்கி, தான் மிதித்து நின்ற இடத்தில் குனிந்து, சாய்ந்துகிடந்த ஒரு சாண் உயரச் செடியை நிமிர்த்திவிட்டான். பாறைக்குக் கீழே முப்பதடி தள்ளி, சீகைக்கன்று பிடுங்கிய இடத்தில் அது தானாய் முளைத்து நின்றது.

அடுத்த பூ 2030ஆம் ஆண்டில். நாம் எந்தப் பங்கில் இருப்போமோ, இறைவன் அறிவார். ஆனால் அன்று அந்தச் சரிவு பூக்குமா என்று எவரேனும் கேட்டால், ‘பூக்கும்’ என்று சொல்லும் துணிவு நமக்கு இப்போது உண்டு. அச்செடியை இலையில் அறிந்தவர்கள் பதினைந்து பேர் இவ்வூரில் இருக்கிறார்கள்.